ரீவியில் இரண்டு எச்டிஎம்ஐ, வீட்டில் ஐந்து பெட்டி

32 அங்குல ரீவி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்தான் இருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று. திருகோணமலையில் ஒரு சாதாரண வீட்டில் அந்த இரண்டுக்கும் அடிபடும் சாமான்கள் நாலைந்து: டயலொக் ரீவி அல்லது பியோ ரீவி பெட்டி, பிள்ளைகளின் பிளேஸ்டேஷன், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக், வாசல் கமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆர், எப்போதாவது ஒரு லப்டொப். இதற்கு வழக்கமான கைவைத்தியம், ரீவியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் கையை விட்டுத் தடவி, ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் செருகுவது. எச்டிஎம்ஐ போர்ட் 10,000 தடவை செருகிக் கழற்றத் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அது நேராகச் செருகுபவருக்கான கணக்கு. கண்ணுக்குத் தெரியாமல் சாய்த்துக் குத்தினால் உள்ளே இருக்கும் நாக்கு வெடிக்கும், அல்லது போர்ட்டை மெயின் போட்டில் பிடித்திருக்கும் ஈயப்பற்று விட்டுவிடும். பிறகு மெயின் போட்டையே மாற்றச் சொல்லுவார்கள்.

பல பெட்டிகளை ரீவியின் ஒரே போர்ட்டுக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ சுவிச் ஒன்று பூட்டினால் இந்த இழுபறி தீரும். ஆனால் எந்தச் சுவிச், எதை அதில் பூட்டுவது, எதைப் பூட்டாமல் விடுவது என்று தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

வாங்க முன் எண்ணுங்கள்

வீட்டில் இருக்கும் பெட்டிகளில் எச்டிஎம்ஐ உண்மையாகவே தேவைப்படுவது எத்தனைக்கு என்று பாருங்கள். ஸ்மார்ட் ரீவியாக இருந்து, யூரியூப்பும் நெற்ஃபிளிக்ஸும் அதிலேயே ஒழுங்காக ஓடுமானால் ஸ்டிக்குக்குத் தனிப் போர்ட் வேண்டாம். ரீவி பழசாகி அதன் அப்கள் இழுபட்டால் மட்டும் ஸ்டிக்கை வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவிடி பிளேயர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரிலேயே போகட்டும். டிவிடி வட்டில் இருக்கும் படமே 576 கோடுதான், எச்டிஎம்ஐ வழியாகக் கொடுத்தாலும் அதில் பெரிதாக ஒன்றும் கூடாது.

புது ரீவிகளில் அந்த மூன்று ஓட்டையும் இல்லாமல் 3.5 மில்லிமீற்றர் ஏவி ஓட்டை ஒன்று மட்டும் இருக்கலாம். அதற்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள வயர் வேண்டும். ரீவியோடு வந்த வயரையே பாவிப்பது நல்லது. பழைய வீடியோ கமராவோடு வந்த வயரைச் செருகினால் படம் வராமல் உறுமல் மட்டும் வரலாம், ஏனென்றால் எந்த வளையத்தில் படம், எந்த வளையத்தில் பூமி என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். அப்படி வந்தால் மஞ்சள் ஊசி போகும் இடத்தில் சிவப்பு ஊசியைக் குத்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

டிவிஆருக்கு எச்டிஎம்ஐயோடு, பழைய கம்பியூட்டர் திரைகளில் உள்ள விஜிஏ வாயும் இருக்கும். இரண்டிலும் பொதுவாக ஒரே படம்தான் வரும். ரீவியில் விஜிஏ இருந்தால் கமராவை அதில் பூட்டி ஒரு எச்டிஎம்ஐயை மிச்சப்படுத்தலாம். ஹோம் தியேட்டர் அல்லது சவுண்ட்பாரின் பின்பக்கத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். அதில் இரண்டு மூன்று 'இன்' போர்ட் இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு சுவிச் இருக்கிறது. பெட்டிகளை அதில் பூட்டி, அதன் 'அவுட்'டை ரீவிக்குக் கொடுத்தால் போதும்.

இவ்வளவும் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. மூன்று மிஞ்சினால் மூன்று வாய்ச் சுவிச் வாங்காமல் ஐந்து வாய் வாங்குங்கள். அடுத்த தீபாவளிக்கு இன்னொரு பெட்டி வரத்தான் போகிறது.

கடையில் கேட்கும் சொல்

மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ போய் 'எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் தாங்கோ' என்று கேட்டால் ஸ்பிளிட்டரைத்தான் தருவார்கள். அது ஒரு பெட்டியின் படத்தை இரண்டு, நாலு ரீவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. உங்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: பல பெட்டி, ஒரு ரீவி. அதன் பெயர் சுவிச். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே சவர்க்காரக் கட்டி போலத்தான் இருக்கும். பெட்டியில் உள்ள எழுத்தை நம்பாமல் சாமானைக் கையில் எடுத்து வாய்களை எண்ணுங்கள். 'இன்' பல, 'அவுட்' ஒன்று என்றால் சுவிச். 'இன்' ஒன்று, 'அவுட்' பல என்றால் ஸ்பிளிட்டர். இரண்டும் பல என்றால் அது மேட்ரிக்ஸ், விடுதிக்காரருக்கும் கூட்ட மண்டபத்துக்கும் உரியது. வீட்டுக்கு வீண் செலவு.

சுவிச்சிலும் இரண்டு சாதி. முதலாவது, நடுவில் ஒரு பொத்தான், கரண்ட் வயர் கிடையாது, இரண்டு பெட்டிக்கு ஒரு ரீவி. திருப்பிப் பூட்டினால் ஒரு பெட்டிக்கு இரண்டு ரீவி, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும். இதற்குள் சிக்னலைத் தூக்கிக் கொடுக்க ஒன்றுமில்லை. பெட்டியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் 18ஆம் ஊசியால் வரும் 5 வோல்ட்டை வைத்துத்தான் விளக்கே எரியும். அந்த ஊசி கட்டாயமாகக் கொடுக்க வேண்டியது 55 மில்லிஅம்பியர் மட்டுமே. குட்டையான வயரும் 1080 (ஃபுல் எச்டி) படமும் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். றிமோட் கிடையாது, ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய் அழுத்த வேண்டும்.

இரண்டாவது, 5 வோல்ட் அடப்டரில் ஓடும், றிமோட் உள்ள, மூன்று அல்லது ஐந்து வாய்ச் சுவிச். இது வரும் சிக்னலைத் திருத்தி, பலப்படுத்தி அனுப்பும். மூன்று பெட்டிக்கு மேல் என்றால் இதுதான். சிலதில் ஒப்டிக்கல், 3.5 மில்லிமீற்றர் சத்த வாய்களும் இருக்கும். பழைய அம்பிளிஃபயர் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

'4கே' என்ற எழுத்தை நம்பாதீர்கள்

எல்லாச் சுவிச்சிலும் 4கே, அதாவது 1080ஐப்போல் நாலு மடங்கு புள்ளி உள்ள படம், என்று போட்டிருக்கும். எந்த 4கே என்பதுதான் கேள்வி. 1080 படம் வினாடிக்கு 60 தடவை மாறும்போது வயரில் வினாடிக்கு ஓடுவது ஏறக்குறைய 4.5 கிகாபிட். 4கே, வினாடிக்கு 30 என்றால் 8.9. 4கே, வினாடிக்கு 60 என்றால் 17.8. எச்டிஎம்ஐ 1.4 தரம், அதாவது 2009இல் வந்தது, 10.2 வரை தாங்கும். 2013இல் வந்த 2.0 தரம் 18 வரை. 2017இல் வந்த 2.1 தரம் 48 வரை. ஆகவே 1.4 தரச் சுவிச்சும் '4கே' என்று எழுதினால் பொய்யில்லை. 30இல் ஓடும், 60இல் ஓடாது.

ரீவி 1080 அல்லது 720 ரீவி என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை, எந்தச் சுவிச்சும் போதும், அதிகக் காசு கொடுக்க வேண்டாம். 4கே ரீவியும் 4கே ஸ்டிக்கும் இருந்தால் பெட்டியில் '18 கிகாபிட்', 'எச்டிசிபி 2.2' என்ற இரண்டும் எழுதியிருக்க வேண்டும். எச்டிசிபி என்பது திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு. பெட்டி, சுவிச், ரீவி மூன்றும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் படம் திறக்கும். நடுவில் உள்ள சுவிச்சுக்கு 2.2 தெரியாவிட்டால் நெற்ஃபிளிக்ஸ் 4கேயைத் தராமல் 1080இல் நின்றுவிடும், அல்லது கறுப்புத் திரைதான். டிஷ் பெட்டிகளின் எச்டி சனல்களுக்கு இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை.

எது நேராக, எது சுவிச் வழியாக

இதில் பிழை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஆறுதல் வராது. ரீவியின் போர்ட்டுகளுக்கு மேல் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். ஃபோன் விளக்கைப் பிடித்து வாசியுங்கள், அல்லது படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய போர்ட் சவுண்ட்பாருக்கு உரியது. அந்த வயரில் சத்தம் ரீவியிலிருந்து வெளியே வருகிறது, மற்ற எல்லா வயரிலும் நடப்பதற்கு எதிர்த்திசையில். மலிவுச் சுவிச்சுகள் இந்தத் திரும்பி வரும் சத்தத்தைக் கடத்தாது. ஆகவே சவுண்ட்பாரை ஏஆர்சி போர்ட்டில் நேராகப் பூட்டி, மற்றப் போர்ட்டில் சுவிச்சைப் பூட்டுங்கள். ரீவியில் ஒரே போர்ட்தான் என்றால் அதைச் சுவிச்சுக்குக் கொடுத்துவிட்டு சவுண்ட்பாரை ஒப்டிக்கல் வயரில் இணையுங்கள்.

சவுண்ட்பார் இல்லாத வீட்டில் நேரான போர்ட் கேம் பெட்டிக்குப் போகட்டும். பிளேஸ்டேஷன் 5 போன்றது 4கே 120 கொடுக்கக்கூடியது. அதற்கு 2.1 தரச் சுவிச் வேண்டும், அதன் விலைக்கு மலிவுச் சுவிச் பல வாங்கலாம். ரீவியின் போர்ட்டுகளில் ஒன்று மட்டும் '4கே 120' அல்லது '4கே 60' என்று குறித்திருந்தால் அதுதான் கேம் பெட்டியின் இடம். டிஷ் பெட்டி, ஸ்டிக், டிவிஆர், லப்டொப் எல்லாம் சுவிச்சில் இருக்கலாம்.

ஒரு விதிவிலக்கு: அப்பம்மா பார்க்கும் சனல் எந்தப் பெட்டியில் வருகிறதோ அது நேராகவே இருக்கட்டும். இரண்டு றிமோட்டால் இரண்டு இடத்தில் மாற்றச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

வயர்

பெட்டியிலிருந்து சுவிச்சுக்கு ஒரு மீற்றர், சுவிச்சிலிருந்து ரீவிக்கு ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர். இதற்கு மேல் வேண்டாம். பொத்தான் சுவிச்சில் இரண்டு வயரின் நீளமும் கூடி ஒரே வயர்போல் ஆகிவிடும், ஏனென்றால் நடுவில் பலப்படுத்த ஒன்றுமில்லை. 1080 படம் 10 மீற்றர் வயரிலும் வந்துசேரும். 4கே 60 என்றால் சாதாரணச் செப்பு வயரில் 3 மீற்றரைத் தாண்டும்போதே கவனம் வேண்டும், 5 மீற்றருக்கு மேல் அதிர்ஷ்டம்தான். மண்டபத்துக்கு நீண்ட வயர் வேண்டுமென்றால் ஒப்டிக்கல் எச்டிஎம்ஐ வயர் இருக்கிறது. அதற்கு முன்பின் உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய முனை பெட்டிப் பக்கம், 'டிஸ்பிளே' என்று எழுதிய முனை ரீவிப் பக்கம். மாறிப் பூட்டினால் வயர் பழுதென்று நினைத்துக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோவீர்கள்.

சுவரோடு ஒட்டிய ரீவிக்கு வளைந்த தலை வேண்டும். அதில் 90, 270 என்று இரண்டு இருக்கிறது. ஒன்று கீழே வளையும், மற்றது மேலே. ரீவியின் போர்ட்டில் அகலமான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சுவிச்சை ஒருபோதும் ரீவியில் தொங்கவிடாதீர்கள். ஐந்து வயரின் பாரமும் அந்த ஒரு போர்ட்டில் ஏறும். அலுமாரியின் பின்பலகையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, வயர்களை முன்னதாகவே ஒரு இடத்தில் கட்டிவிடுங்கள். இழுபட்டால் அந்தக் கட்டில் இழுபடும், போர்ட்டில் அல்ல.

செருக முன் பிளக்கைக் கழற்றுங்கள்

'எச்டிஎம்ஐயைக் கரண்ட் இருக்கும்போதே செருகலாம்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எங்கள் வீடுகளில் அதைச் செய்ய வேண்டாம். காரணத்தை நீங்களே தொட்டுப் பார்த்து அறியலாம். டிஷ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் உள்ள உலோக விளிம்பைப் புறங்கையால் மெல்லத் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் வரும். ரெஸ்டர் ஸ்குரூ டிரைவரை வைத்தால் மங்கலாக எரியும். எர்த் இல்லாத அடப்டர்களின் உள்ளே இருக்கும் கொண்டென்சர் வழியாக 230 வோல்ட்டின் பாதியளவு அந்த உலோகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. கரண்ட் மிகக் குறைவு, ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எச்டிஎம்ஐ தலை சாய்ந்து செருகப்பட்டு, ஓரத்து உலோகம் படமுன்னே ஒரு சிக்னல் ஊசி பட்டால் அந்தப் பாய்ச்சல் முழுவதும் ரீவியின் எச்டிஎம்ஐ சிப்புக்குள் போகும். 'நேற்று வரை வேலை செய்த போர்ட் இன்று செத்துப்போச்சு' என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். 13 அம்பியர் சதுரக்கால் அடப்டர்தானே, எர்த் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல அடப்டர்களில் அந்த நீண்ட கால் வெறும் பிளாஸ்ரிக், சொக்கற்றின் மூடியைத் திறக்க மட்டும் உதவுவது.

இடி இதைவிட மோசம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் கறுத்துக்கொண்டு வந்தால், கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வட்ட வயர் வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகச் சுவிச்சுக்கும், சுவிச்சிலிருந்து அதில் பூட்டிய எல்லாவற்றுக்கும் பாதை திறந்து கிடக்கிறது. சுவிச் பூட்டும் முன்பு ஒரு பெட்டியும் ரீவியும் போகும் இடத்தில், இப்போது ஐந்தும் போகும். சுவர்ச் சுவிச்சை நிறுத்துவது போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும், டிஷ் வயரின் திருகுத் தலையையும் கழற்ற வேண்டும். ஒழுங்கு முக்கியம்: முதலில் பெட்டியின் பிளக், பிறகு திருகுத் தலை. பெட்டி ஓடும்போது அந்த வயரில் 13 அல்லது 18 வோல்ட் டிஷ்ஷின் தலைக்குப் போய்க்கொண்டிருக்கும். நடு ஊசி ஓரத்தில் பட்டால் பெட்டியின் ரியூனரைப் பதம் பார்க்கும். பியோ ரீவிக்காரருக்கு டிஷ் இல்லை, ஆனால் ரூட்டருக்குச் செப்புத் தொலைபேசிக் கம்பி வந்தால் அது அதே வேலையைச் செய்யும்.

எல்லா அடப்டரையும் ஒரே மல்டி பிளக்கில், எர்த் சரியாக உள்ள ஒரே சொக்கற்றில் கொடுத்தால் ஒரு பிளக்கைக் கழற்றுவதோடு முடிந்துவிடும். டிவிஆரை மட்டும் வேறு சொக்கற்றில் விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் ரீவியோடு சேர்த்து வாசல் கமராவின் பதிவும் நின்றுவிடும்.

உப்புக் காற்றையும் சொல்ல வேண்டும். திருக்கடலூர், டைக் வீதி, உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில், பாவிக்காமல் திறந்து கிடக்கும் போர்ட்டின் உள்ளே சில வருடத்தில் விளிம்பு மங்கிப் பச்சை படியும். சுவிச்சில் மிஞ்சும் வாய்களை ரப்பர் மூடியாலோ ஒரு துண்டு டேப்பாலோ மூடிவையுங்கள். படிந்துவிட்டால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கொன்ராக்ட் கிளீனரை ஒரு தடவை அடித்து, பழைய வயரை நாலைந்து தரம் நேராகச் செருகி எடுத்து, காயவிட்டுப் பிறகு பூட்டுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிறே வேண்டாம். எண்ணெய்ப்பசை தங்கித் தூசியைப் பிடித்து வைத்திருக்கும்.

பூட்டும் ஒழுங்கு

1. எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். டிஷ் திருகுத் தலையையும்.

2. சுவிச்சின் 'அவுட்'டை ரீவியின் போர்ட்டுக்குக் கொடுங்கள். ரீவியைத் தூக்கி வைப்பது இதுவே கடைசித் தடவை என்று நினைத்து இதற்கு நல்ல வயரைப் போடுங்கள்.

3. சுவிச்சின் முதலாம் வாயில் ஒரே ஒரு பெட்டியைப் பூட்டுங்கள். மற்றவற்றை இப்போது தொட வேண்டாம்.

4. ரீவி, சுவிச், பெட்டி என்ற வரிசையில் கரண்ட் கொடுங்கள். ரீவி முதலில் எழும்பினால்தான் தான் என்னென்ன படம் ஏற்கும் என்ற விபரத்தைப் பெட்டி கேட்கும்போது கொடுக்க முடியும். அந்த விபரம் கிடைக்காத பெட்டி, குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும்.

5. ரீவி றிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி அந்தப் போர்ட்டைத் தெரிவுசெய்யுங்கள். படமும் சத்தமும் வந்து பத்து நிமிடம் குழப்பமில்லாமல் ஓடினால் நிறுத்தி, அடுத்த பெட்டியைப் பூட்டி, அதே போல. ஐந்தையும் ஒரேயடியாகப் பூட்டிவிட்டு 'நோ சிக்னல்' பார்த்துக்கொண்டு நின்றால் பிழை எங்கே என்று தேட ஒரு நாள் போகும்.

6. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரு துண்டு டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சுவிச்சின் இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி றிமோட்டின் முதுகில் ஒட்டலாம்.

சுவிச்சின் றிமோட்டில் பற்றரிக்கு நடுவே ஒரு தெளிவான பிளாஸ்ரிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து எடுக்காமல் 'றிமோட் பழுது' என்று திரும்பக் கொண்டுவருபவர்கள் குறைவில்லை.

அடப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சுவிச்சுக்கு வேண்டியது 5 வோல்ட், 1 அம்பியர் அளவு. ஆனால் அதன் கரண்ட் வாய் பல வேளை ரூட்டரின் அடப்டருக்கும் பொருந்தும், அதுவோ 12 வோல்ட். இரண்டும் ஒரே மல்டி பிளக்கில் தொங்கும்போது மாறிச் செருகினால் சுவிச்சின் கதை அந்த நொடியிலேயே முடிந்துவிடும். அடப்டரிலும் அதன் தலையிலும் '5' என்று பெரிதாக எழுதிவையுங்கள். மைக்ரோ யூஎஸ்பி வாய் உள்ள சுவிச் என்றால் பழைய ஃபோன் சார்ஜர் போதும். ரீவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்தும் கொடுக்கலாம், ரீவி நிற்கும்போது சுவிச்சும் நின்றுவிடும். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை மட்டும் ரீவியின் யூஎஸ்பியில் விடாதீர்கள். பல ரீவிகள் அதில் 500 மில்லிஅம்பியர்தான் தரும். ஸ்டிக் படம் நடுவில் நின்று திரும்பத் திரும்ப எழும்பும்.

தானாக மாறும் சுவிச் தரும் தொல்லை

பெரும்பாலான சுவிச்சுகள், புதிதாக எந்தப் பெட்டி எழும்புகிறதோ அதற்குத் தானாக மாறும். இது விளம்பரத்தில் நல்லாயிருக்கும். நடைமுறையில் ஸ்டிக் நள்ளிரவில் தன்னைப் புதுப்பிக்க எழும்பினால் அதற்குத் தாவும். டிஷ் பெட்டியை றிமோட்டால் நிறுத்தினாலும் அது முழுதாக உறங்குவதில்லை, 5 வோல்ட் கொடுத்தபடியே இருக்கும். சுவிச்சோ 'பெட்டி இன்னும் விழித்திருக்கிறது' என்று அங்கேயே நிற்கும். சுவிச்சில் 'ஓட்டோ' என்ற பொத்தான் இருந்தால் நிறுத்திவிட்டு றிமோட்டால் மாற்றிப் பழகுங்கள். வாங்கும்போதே அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

ஒரு றிமோட்டால் எல்லாவற்றையும் இயக்கும் வசதி, சிஇசி என்பது, ரீவிக் கம்பனிகளிடம் வேறு வேறு பெயரில் இருக்கும்: சம்சுங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரீவி தன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு விலாசம் கொடுக்கிறது. நல்ல சுவிச் அந்த விலாசத்தின் கீழ் தன் ஒவ்வொரு வாய்க்கும் உட்பிரிவு கொடுக்கும். மலிவுச் சுவிச் ரீவியின் விலாசத்தை அப்படியே எல்லாருக்கும் கொடுத்துவிடும். ஒரே வீட்டு இலக்கத்தில் ஐந்து குடும்பம் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான். கேம் பெட்டியை எழுப்பினால் ரீவி சரியான போர்ட்டுக்கு வரும், ஆனால் சுவிச் டிஷ்ஷிலேயே நிற்கும். ரீவி தானாக எழும்புவதும் நிற்பதும் தொடங்கினால் சுவிச்சில் உள்ள பெட்டிகளின் செற்றிங்குக்குப் போய் சிஇசியை நிறுத்துங்கள். சவுண்ட்பாருக்கு அது வேண்டும், ஆகவே ரீவியில் நிறுத்த வேண்டாம்.

படம் வராவிட்டால், கோணலாக வந்தால்

வெள்ளைப் புள்ளிகள் மின்மினிபோல் மின்னினால் சிக்னல் வருகிறது, ஆனால் வயர் அதைத் தாங்கவில்லை. வயரை மாற்றுங்கள், அல்லது பெட்டியின் செற்றிங்கில் 4கே 60ஐ 30க்கோ 1080க்கோ இறக்குங்கள். புள்ளி மறைந்தால் குற்றவாளி வயர் அல்லது சுவிச்.

முகமெல்லாம் ஊதாவாகவோ பச்சையாகவோ வந்தால் ஒரு ஊசி சரியாகத் தொடவில்லை, அல்லது பெட்டியும் ரீவியும் நிற முறையில் ஒத்துப்போகவில்லை. முதலில் கழற்றிச் செருகுங்கள். மாறாவிட்டால் பெட்டியில் ஆர்ஜிபி என்று இருப்பதை வைசிபிசிஆர் ஆக்குங்கள், அல்லது மறுபக்கம்.

சில வினாடிக்கொரு தடவை திரை கறுத்துக் கறுத்து வந்தால் எச்டிசிபி பூட்டு திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்படுகிறது. எல்லாப் பிளக்கையும் ஒரு நிமிடம் கழற்றி, ரீவி முதலாக வரிசையில் கொடுங்கள். 4கே ரீவியில் அந்தப் போர்ட்டின் உயர்தர நிலையை இறக்குவதும் உதவும்: சம்சுங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபோர்மட்'. நிறுத்தினால் படத்தின் தரம் கொஞ்சம் குறையும், ஆனால் நிம்மதியாக ஓடும். இறக்கிய பின் சரியானால் பெரும்பாலும் உங்கள் சுவிச் அல்லது வயர் 18 கிகாபிட் தாங்கவில்லை.

மாற்றும்போது மட்டும் இரண்டு மூன்று வினாடி கறுத்தால் அது பழுதல்ல. இங்குள்ள டிஷ் பெட்டிகள் 50இல் படம் தரும், ஸ்டிக்கும் கேம் பெட்டியும் 60இல் தரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரீவி தன்னைச் சரிசெய்ய அவ்வளவு நேரம் எடுக்கும்.

படம் உண்டு, சத்தம் இல்லை என்றால் பெட்டியின் சத்தச் செற்றிங்கில் டொல்பி என்று இருப்பதை பிசிஎம் ஆக்குங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, செய்தி ஓடும் வரி பாதி மறைந்தால் ரீவியின் பட அளவை 'ஸ்கிரீன் ஃபிற்', 'ஜஸ்ட் ஸ்கான்' என்பதற்கு மாற்றுங்கள்.

சுவிச் றிமோட்டை அழுத்தும்போது டிஷ் பெட்டியில் சனல் மாறுகிறதா? இரண்டும் ஒரே கட்டளைச் சொல்லைப் பாவிக்கின்றன. சுவிச்சின் கண்ணை அலுமாரியின் உள்ளே தள்ளி, டிஷ் பெட்டிக்கு நேராக இல்லாமல் வையுங்கள். நீண்ட வயரில் தனிக் கண் வரும் சுவிச்சில் இது லேசு.

உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரருக்கு ஒரு கூடுதல் சொல். விருந்தினர் தங்கள் ஸ்டிக்கைச் செருகக் கேட்பார்கள், ரீவியோ 'ஹொட்டேல் மோட்' என்ற நிலையில் பூட்டப்பட்டு மற்றப் போர்ட்டுகளைத் தெரிவுசெய்ய விடாது. அதைத் திறக்காமலே, திறந்திருக்கும் போர்ட்டில் பொத்தான் சுவிச் ஒன்றைப் பூட்டி, ஒரு வாயில் டிஷ் பெட்டியும் மற்றதில் மேசை வரை வரும் ஒரு மீற்றர் வயரும் விட்டால் போதும். ஸ்டிக்குக்குப் பொருந்த அந்த வயரின் முனையில் பெண் தலை இருக்க வேண்டும். விருந்தினர் மாறும்போது பொத்தானை டிஷ் பக்கம் தட்டிவைக்க அறை துப்புரவு செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்.